ஆறு கம்பிகளும் ஏழாவது மீனும்

சலியாமை என்பது ஆரவாரம் அறியாத அறம். வீரத்துக்கு ஒரு களம் வேண்டும். ஈகைக்குக் கையேந்த ஒருவர் வேண்டும். சலியாமைக்கோ வீட்டின் ஒரு மூலையும், சரிவராத ஒரு பொருளும், அதை மறுபடி அவிழ்க்கத் துணியும் இரண்டு கைகளும் இருந்தால் போதும். அவிழ்த்ததைக் கட்டி, கட்டியது தளர்ந்தால் மீண்டும் அவிழ்த்து, இடையே முகம் சுளிக்காதவரிடத்தில் அது வந்து குடியேறும். புதுச்சேரியில், குருசுக்குப்பத்து மீனவர் வீடுகள் முடிந்து மாடிவீடுகள் தொடங்குகிற ஒரு குறுந்தெருவில், தொமினிக் என்பவரிடம் அது நெடுநாளாகக் குடியிருக்கிறது.

தொமினிக் பள்ளியொன்றில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் கோயிற் பாடகர் குழுவில் வயலின் வாசிப்பவர். வாசிப்பு இனியது. ஆனால் வாசிக்குமுன் சுருதி சேர்க்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் அந்தக் குழுவில் ஒரு தீராத வேடிக்கை. "முசே முறுக்காணியத் தொட்டுட்டாரு. வாங்க, நாம போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்று பின்வரிசையில் எவராவது முணுமுணுப்பார்; பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ‘முசே’ அந்த ஊரில் ‘ஐயா’. அது அவர் காதிலும் விழும். புன்னகைத்துவிட்டு வில்லை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். நான்கு தந்திகளும் தத்தம் இடத்தில் அமர்ந்தாலன்றி அவர் மனம் அமர்வதில்லை.

அவர் மனைவி ஏலிஸ், கன்னியர் மடத்துப் பூத்தையல் கூடத்தில் வேலை செய்தவள். பீடத்துக்கு விரிக்கும் துணிகளில் திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் அவள் விரலில் பூத்தவை இன்னும் இந்த ஊர்க் கோயில்களில் இருக்கின்றன. இருவருக்கும் இடையே மணமான புதிதில் மூண்ட வழக்கொன்று உண்டு. அது இன்றளவும் தீர்ப்புக் காணாதது.

மார்கழி, தை மாதங்களில் பொழுது சாய்ந்து சற்று நேரம் கழித்து மொட்டைமாடியில் நின்றால், கார்த்திகை விண்மீன்கள் உச்சிக்கு ஏறி நிற்கும். ஒரு கைப்பிடி மல்லிகையை யாரோ அண்ணாந்து வீசிவிட்டது போன்ற சிறு கூட்டம். தொமினிக் எண்ணிப் பார்த்து ஆறு என்றார். ஏலிஸ் எண்ணிப் பார்த்து ஏழு என்றாள்.

"ஆறுதான் இருக்குது ஏலிஸ். நல்லா பாரு."

"ஏழுங்க. ஓரத்துல ஒண்ணு இருக்குது பாருங்க, அதும் மடியில இன்னொண்ணு குட்டியா ஒக்காந்துகிட்டு இருக்குது. ஒங்களுக்குக் காது குடுத்த சாமி கண்ணு குடுக்க மறந்துட்டாரு."

பழந்தமிழர் அதற்கு அறுமீன் என்று பெயரிட்டனர். முருகவேளுக்குப் பாலூட்டிய அன்னையரும் அறுவரே. புலவர் அவை கூடினால் தொமினிக் பக்கமே தீர்ப்பாகியிருக்கும். ஆனால் அந்த வீட்டில் புலவர் அவை கூடவில்லை. ஆகவே ஆண்டுதோறும் வழக்கு புதுப்பிக்கப்பட்டது. மகள் அமாந்தின் பிறந்து, பேசக் கற்றதும் அவளையும் சாட்சிக்கு அழைத்தார்கள். அவள் "நெறைய இருக்குது" என்று சொல்லி இரு தரப்பையும் கைவிட்டாள். இப்போது அவள் கணவனோடு பிரான்சில் இருக்கிறாள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் ஏலிஸ் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கழுத்தெலும்புகளை இணைத்துத் தகடு வைத்து அறுவை செய்தார்கள். உயிருக்கும் நடைக்கும் பழுதில்லை. தலை மட்டும் நேரே பார்த்தபடி நின்றுவிட்டது; இடவலமாகச் சிறிது திரும்பும், குனியாது, நிமிராது. அரிசியில் கல் பொறுக்கவும், புடவைக் கொசுவம் மடிக்கவும், கண் போகாத இடத்துக்கெல்லாம் அவள் விரலை அனுப்பக் கற்றுக்கொண்டாள். குறை என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, சென்ற ஐப்பசியில், மாடியிலிருந்து இறங்கிவந்த தொமினிக்கிடம், "மேல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அண்ணாந்து பார்க்க முடியாத ஒருத்திக்கு வானத்தை நேர்முகமாகக் கொண்டுவந்து நிறுத்த வழியுண்டா? உண்டு என்று அவர் படித்தறிந்தார். ஒருவகைத் தொலைநோக்கியில் அடியில் ஒரு பெரிய குழிக்கண்ணாடி இருக்கும். அது விண்ணொளியை வாங்கி மேலே அனுப்பும். மேலே சாய்வாகப் பொருத்திய சிறு கண்ணாடி அந்த ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கருவி உச்சிவானை நோக்கி நிற்க, பார்ப்பவரோ நாற்காலியில் அமர்ந்து, சன்னலைப் பார்ப்பதுபோல் நேரே பார்க்கலாம். அவளுக்கென்றே எவரோ முன்கூட்டி நினைத்துவைத்தது போலிருந்தது அவருக்கு.

கண்ணாடிகளை அமாந்தின் விடுமுறையில் வந்தபோது தன் உடுப்புகளுக்கு நடுவே குழந்தையைப் பொதிவதுபோல் பொதிந்து கொண்டுவந்தாள். மற்றதை தொமினிக்கே செய்யலானார். ஆனால் அந்த வீட்டு மாடிப்படி குறுகலானது, நடுவில் திருகித் திரும்புவது. நீண்ட குழாயைச் சுமந்து அதில் ஏறுவது அவர் வயதுக்கு ஆகாது. ஆகவே குழாயே இல்லாத வடிவத்தைத் தேர்ந்தார். அடியில் கண்ணாடி வைத்த பலகைப் பெட்டி. உச்சியில் ஒரு மரவளையம். இடையே மூன்று அலுமினியக் கம்புகள் வளையத்தை மேலே உந்தும். ஆறு இழைகள் அதைக் கீழ்நோக்கி இழுக்கும். உந்தலும் இழுப்பும் சமமாக நின்றால் வளையம் அசையாது. வேண்டாதபோது கழற்றிச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறலாம். ஏலிஸின் நாற்காலிக் கை இடிக்காமல் நெருங்கிவர வேண்டும் என்பதற்காகப் பெட்டியின் ஒரு பக்கச் சுவரை மட்டும் அரையடி தாழ்த்தி வெட்டினார். அந்தப் பக்கத்து இழைகள் இரண்டையும் தாழ்ந்த விளிம்பிலேயே கட்டினார்.

இழைக்கு அவர் முதலில் எடுத்தது நைலான் கயிறு. எதிர்வீட்டுச் சிலம்பரசன் படகுக்காரர். கேட்டதும் ஒரு சுருளைத் தூக்கிக் கொடுத்தார்.

"எதுக்கு முசே? கொடி கட்டவா?"

"ஆமா, ஒரு வகையில கொடிதான்" என்றார் தொமினிக். முடிவதற்குமுன் ஒன்றைப் பற்றிப் பேசுவது அவர் வழக்கமில்லை.

மார்கழியில் ஒரு மாலை, கருவி நிமிர்ந்து நின்றது. பொழுது சாய்ந்ததும் கார்த்திகையைப் பிடித்துக் கூர்மை பார்த்து வைத்துவிட்டு, கீழே போய் மனைவியை அழைத்தார். படியேறுவது அவளுக்கு எளிதன்று. காலடியைக் குனிந்து பார்க்க இயலாதாகையால் ஒவ்வொரு படியையும் பாதத்தால் தடவி, சுவரைப் பிடித்து, நின்று நின்று ஏறினாள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கழுத்தில் ஒரு சுருக்கென்ற வலி இருந்ததை அவள் உதடு மடிந்ததில் அவர் கண்டார். நாற்காலியில் அமர்த்தினார். அவள் கண்ணை வைத்தாள். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றாள். "ஏழும் தெரியுது."

அவர் உள்ளம் பூரித்தது. அவளைக் கைப்பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, கருவியை மூட மறுபடி மேலே வந்தவர், தாமும் ஒருமுறை பார்ப்போமென்று குனிந்தார். பார்த்தது விண்மீன் இல்லை. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டுகள் மட்டும் மிதந்தன. கயிற்றைத் தொட்டார். கடற்பனியில் நனைந்து, கட்டிய இறுக்கம் முழுதும் போய்த் துவண்டிருந்தது. வளையம் ஒரு புறம் சாய்ந்திருந்தது. அவள் படியேறிவந்த நேரம் போதுமாயிருந்திருக்கிறது.

அதைவிட ஒன்று அவரைச் சுட்டது. கருவி செம்மையாக இருந்திருந்தாலும் அவள் ஏழு என்று சொல்லியிருக்க முடியாது. அந்தக் கண்ணாடி வழியே கார்த்திகையில் எண்ணி முடியாத அளவு மீன்கள் தோன்றும். மாலையில் அவரே கண்டார். ஏழு என்றால் அவள் ஒன்றையும் காணவில்லை. வலியோடு ஏறிவந்து, வெறுமையைப் பார்த்து, அவர் முகத்துக்காக ஏழு என்று சொல்லிவிட்டு இறங்கிப்போயிருக்கிறாள். ஈரக் கயிற்றைப் பிடித்தபடி அவர் அங்கேயே நின்றார். கீழே போனபோது அவள் சோற்றை வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாள். அவர் அதை மறுக்காமல் உண்டார்.

மறுநாள் சிலம்பரசன் விவரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நைலானு பனி குடிச்சா எளகும் முசே. வலைக்கு அது நல்லது, மீனு இழுத்தா அறுந்துக்காது. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே குடுத்திருக்க மாட்டேனே. கொடின்னு இல்ல சொன்னீங்க!"

தொமினிக் மனைவியிடம் வந்து, "இன்னொரு தடவ சரியா கட்டிடறேன். வருவியா?" என்றார்.

அவள் சற்று யோசித்தாள். "வரேன். ஆனா ஒரு வாட்டிதாங்க. அதுக்கப்பறம் என்ன மேல கூப்புடாதீங்க. படி ஏறிட்டு வந்தா ரெண்டு நாளு தலையத் தலகாணியில வைக்க முடியல." இதுவரை அவள் சொல்லாத வலி அது.

"சரி. ஆனா தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

அவள் முகம் ஒரு கணம் மாறியது. அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று தேடும் பார்வை. பிறகு, "சொல்றேன்" என்றாள்.

ஆக, அவருக்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு மாலை. பங்குனி பிறந்தால் கார்த்திகை மேற்கே சாய்ந்து வீடுகளுக்குப் பின்னே போய்விடும். அதற்குள், பனியிலும் இளகாத, கடற்காற்றிலும் துருவேறாத, அவளைப் பொய் சொல்லவைக்காத ஒரு கட்டு வேண்டும்.

இழைக்குத் துருவேறாத சைக்கிள் பிரேக் கம்பியைத் தேர்ந்தார், மெல்லியது, நீளாதது. அதை முறுக்கி இறுக்க என்ன செய்வது என்பதில்தான் அவர் நாள்கணக்காக உழன்றார். வயலின் முறுக்காணி போல மர ஆணி வைக்கலாமா? பனிக்காலத்தில் அது வழுவுவதை ஞாயிறுதோறும் பார்ப்பவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கித்தார்ச் சாவி வழுவாது. ஆனால் அதன் துளையில் பிரேக் கம்பி நுழையாது. சுருள்வில் வைத்தால் காற்றடிக்கும்போது வளையம் ஆடும். இறுதியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் ஹரிகிருஷ்ணன் நடத்தும் இரும்புச் சாமான் கடைக்குப் போனார்.

"வாங்க முசே, வாங்க. இன்னா, பந்தலா?"

"பந்தல் இல்ல. டெலஸ்கோப்."

"டெலஸ்கோப்பா! சரி, குழாய் எவ்ளோ அகலம்?"

"குழாயே கெடையாது. கம்பிதான்."

ஹரிகிருஷ்ணன் கணக்குப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "குழாயில்லாத டெலஸ்கோப்பு. காலங்காத்தால நமக்குன்னு வருது" என்றவர், விவரம் கேட்டதும் உள்ளே போய் டர்ன்பக்கிள்கள் நிறைந்த தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நடுவில் ஒரு கூடு. அதன் இரு முனையிலும் எதிரெதிர்த் திருகுகள். கூட்டைச் சுழற்றினால் இரு புறமும் ஒருசேர உள்வாங்கிக் கம்பியை இழுக்கும். விளம்பரப் பலகையையும் செல்போன் கோபுரத்தையும் இழுத்துப் பிடிப்பவை அவையே.

தொமினிக் ஒவ்வொன்றாக எடுத்து, சுழற்றி, காதருகே வைத்து, மறுபடி சுழற்றினார். பெரியது பளுவானது, வளையத்தில் மாட்டினால் தலை கனத்துக் கருவி கவிழும். அதைக் கீழே பெட்டியில் மாட்டலாம், ஆனால் புரி பருமனானது. ஒரு சுற்றுக்கே கம்பி அதிகம் நகரும். சிறியது ஒன்று நன்றாயிருந்தது, ஆனால் இரு முனையிலும் கொக்கி.

"கொக்கி வேணாம். கம்பி கொஞ்சம் தளந்தா கழண்டுக்கும்."

"கண்ணு வெச்சது தரேன். மூடுன வளையம், கழலாது."

"இது என்னா, வெள்ள பூச்சா? எங்க தெருவுல உப்புக் காத்து. ஒரு மழைக்குத் தாங்காது."

"ஸ்டெயின்லெஸ்ஸு இருக்குது."

"தானா சொழண்டு தளராம இருக்க லாக் நட்டு இருக்கா?"

பின்னால் பூட்டு வாங்க நெடுநேரமாகக் காத்திருந்த ஓர் அம்மாள் பொறுமையிழந்தார். "இன்னாங்க ஐயா, பொண்ணு பாக்க வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? ஒரு பூட்டு வாங்க வந்தேன், அதுக்குள்ள திருடனே வந்துட்டுப் போயிருப்பான்."

"பொண்ணுக்காகத்தாம்மா" என்றார் தொமினிக், தலை நிமிராமல். "வீட்டுல இருக்கறவங்க பாக்கணும். ஒரு தடவதான் பாப்பாங்க."

அந்த அம்மாள் சற்று ஒதுங்கி அவருக்கு வெளிச்சம் விட்டார். ஹரிகிருஷ்ணனும் வேடிக்கையை விட்டுவிட்டு, துருப்பிடிக்காத எஃகில், இரு முனையிலும் மூடிய வளையமும் லாக் நட்டும் கொண்ட சிறிய டர்ன்பக்கிள்கள் ஆறை உள்ளறையிலிருந்து தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் தாமே சுழற்றிப் பார்த்து, நயமானவற்றை மட்டும் பொட்டலம் கட்டினார்.

கூடத்தில் கருவி புதுக்கோலம் பூண்டு நின்றது. ஆறு எஃகுக் கம்பிகள் வளையத்திலிருந்து இறங்கி, அடியில் டர்ன்பக்கிள்களில் முடிந்தன. இறுக்கியபோது ஒரு கம்பி விரல்பட்டு முனகியது. தொமினிக்கின் செவி விழித்துக்கொண்டது. கம்பி பேசுகிறது! இனி ஐயம் ஏது? ஆறையும் ஒரே சுருதியில் நிறுத்திவிட்டால் ஆறும் ஒரே இறுக்கம்தானே! வயலினை எடுத்துவந்து ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டார். கூட்டைச் சுழற்றுவார், கம்பியை மீட்டுவார், வில்லை இழுப்பார், தலையசைத்துவிட்டு மறுபடி சுழற்றுவார். ஏலிஸ் அடுக்களையிலிருந்து, "பூசைக்குப் பாட்டு ஆரம்பிக்கலாமா முசே?" என்று கேட்டாள். மாலைக்குள் ஆறு கம்பிகளும் ஒரே குரலில் பேசின. அவ்வளவு தூய இசைவை அவர் பாடகர் குழுவிலும் கேட்டதில்லை.

மாடிக்குக் கொண்டுபோய், தொலைவிலுள்ள கோயிற் கோபுரத்துச் சிலுவையை நோக்கினார். சிலுவைக்கு வால் முளைத்திருந்தது. அடிக்கண்ணாடியின் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்தார், வால் மறைந்தது. கருவியை உச்சிக்கு நிமிர்த்தி மறுபடி தாழ்த்தினார், வால் மீண்டது. எங்கோ கட்டு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இறுக்கம் போதவில்லையென எண்ணி, ஆறையும் இன்னும் உயர்ந்த சுரத்துக்கு ஏற்றினார். வால் நீண்டது. இறக்கினார், ஏற்றினார். ஒவ்வொரு முறையும் சுருதி பழுதின்றி இசைந்தது. ஒவ்வொரு முறையும் சிலுவை சிதைந்தது. தை மாதம் நடந்துகொண்டிருந்தது. கார்த்திகை மாலைதோறும் சற்று மேற்கே தள்ளி எழுந்து நின்றது.

ஒரு பிற்பகல், கூடத்தில் கருவியின் முன்னே அவர் கைகளை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். ஏலிஸ் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வைக்க முக்காலி எங்கே என்று குனிந்து பார்க்க முடியாததால், வழக்கம்போல் இடக்கையால் துழாவினாள். முக்காலிக்குப் பதில் கம்பி கையில் பட்டது. டம்ளரை அவரிடம் நீட்டிவிட்டு, கம்பியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். அடுத்ததையும் அழுத்தினாள். கருவியைச் சுற்றி நடந்து ஆறையும் அழுத்திவிட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்தாள்.

"ஏங்க, இந்தப் பக்கம் ரெண்டும் ரொம்ப வெறப்பா இருக்குதே."

"இல்ல ஏலிஸ். ஆறும் ஒண்ணுதான். கேளு." அவர் வரிசையாக மீட்டினார். ஒரே சுரம் ஆறுமுறை ஒலித்தது.

"ஒங்க சுரமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சட்டத்துல துணி கட்டறப்ப நாங்க தட்டிக் கேக்க மாட்டோம், அழுத்தித்தான் பாப்போம். ஒரு பக்கம் இப்பிடி வெறச்சுதுன்னா துணி கோணிக்கும். ரோசாப்பூ போட்டா முட்டைகோஸு மாதிரி வரும். இங்க அழுத்துங்க. இப்ப அதுல அழுத்துங்க."

அவர் அழுத்தினார். மெய்தான். நாற்காலிப் பக்கத்து இரண்டும் வில்நாண் போல் விறைத்திருந்தன, எதிர்ப்புறத்தவை விட்டுக்கொடுத்தன. ஆனால் காது ஒன்றென்கிறது. காதும் விரலும் வழக்காடுவதை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. எழுந்து, கருவியைச் சுற்றிவந்து, தாழ்த்தி வெட்டிய பலகையின் முன் நின்றார்.

அந்தப் பக்கத்துக் கம்பிகள் இரண்டும் அரையடி நீளமானவை.

நீண்ட தந்தி தாழ்ந்து ஒலிக்கும். அதைக் குட்டைத் தந்தியின் சுரத்துக்கு உயர்த்த வேண்டுமானால் அதிகம் இறுக்கியாக வேண்டும். வயலினில் விரல் வைத்த முதல் நாளே எந்தப் பிள்ளையும் கற்கும் பாடம். அவரே எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆறும் ஒரே சுரத்தில் நின்றதனாலேயே ஆறும் ஒரே இறுக்கத்தில் நில்லாமல் போயின. அவள் நாற்காலிக்காகப் பலகையை வெட்டிய அன்பும், சுருதிமேல் அவருக்கிருந்த பக்தியும் சேர்ந்து அவள் வானத்தைக் கோணலாக்கியிருந்தன.

அவர் சிரிக்கத் தொடங்கினார். கையிலிருந்த காப்பி தளும்பியது.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சாமி எனக்குக் காதும் சரியாத்தான் குடுத்தாரா தெரியல."

ஏலிஸ் சொன்னபடியே, எதிரெதிர்க் கம்பிகளை மாற்றி மாற்றி, ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிடாமல், சிறுகச் சிறுகத் திருப்பினார். அவள் அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்" என்றாள். நீண்ட கம்பிகளின் சுரம் இறங்கியது. முடிந்தபின் ஆறையும் மீட்டினார். நான்கு ஒரு குரலில் பேச, இரண்டு அதற்குக் கீழே பொருந்தாமல் முனகின. அவர் முகம் எலுமிச்சையைக் கடித்தவர் முகம் போலாயிற்று.

"நல்லாவே இல்ல ஏலிஸ். கேக்கவே முடியல."

"கேக்கறதுக்கா கட்டுனீங்க? பாக்கறதுக்குத்தான கட்டுனீங்க? லாக் நட்ட இறுக்குங்க."

இறுக்கினார். மாடியில், மாலைவெயிலில், கோபுரத்துச் சிலுவை கூர்மையாக நின்றது. நிமிர்த்தினார், தாழ்த்தினார், அப்படியே நின்றது. வால் இல்லை.

அன்று மாலையே போகலாமென்று ஏலிஸ்தான் சொன்னாள். மூவேளைச் செபத்தின் மணியடித்து ஓய்ந்தது. இருள் கூடியதும் அவர் முன்னே நின்று கை கொடுக்க, அவள் பாதத்தால் படியைத் தடவித் தடவி ஏறினாள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். "இதான் கடைசி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தெருவிளக்கு எட்டாத மூலையில், நாற்காலி காத்திருந்தது. வெட்டிய பலகையை ஒட்டி அது இடிக்காமல் நெருங்கியது. தொமினிக் கம்பிகளைத் தொட்டார். பனியில் நனைந்திருந்தன, இளகவில்லை. ஒருமுறை பார்த்துக் குறிவைத்துவிட்டு விலகி நின்றார்.

அவள் நேரே நோக்கினாள். கழுத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

அவர் காத்திருந்தார். கேட்கவில்லை. கடலோசை மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது.

"தெரியலன்னா சொல்லணும்னீங்க" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

அவர் நாற்காலிக் கையைப் பற்றினார். "ஆமா. சொல்லு."

"ஏழுன்னு அன்னைக்குச் சொன்னேனே. அன்னைக்கு ஒண்ணும் தெரியல."

"தெரியும் ஏலிஸ்."

"எப்பிடித் தெரியும்?"

"இப்ப எத்தினி இருக்குதுன்னு எண்ணிச் சொல்லு, அப்ப சொல்றேன்."

அவள் உதடசைய எண்ணினாள். நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். "யம்மா!" என்றாள், சிறுபிள்ளையின் குரலில். "யாருங்க ஏழுன்னது? பாப்பா சொன்னதுதான் சரி. நெறைய இருக்குது. பொரி வாரி எறச்ச மாதிரி கெடக்குது." கண்ணீர் கன்னத்தில் இறங்கியபோதும் துடைக்கக் கையெடுக்கவில்லை, அசைந்தால் காட்சி அசைந்துவிடுமோ என்று அஞ்சினாள் போலும். நெடுநேரத்துக்குப்பின், "இதுல என்னோட ஏழாவது எதுன்னு தெரியலையே" என்றாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் பாத்ததே இல்லையே."

"இருங்க... இதோ. ஓரமா கைப்பிடி மாதிரி ஒண்ணு தனியா நிக்குது பாருங்க. அத ஒட்டி, அதும் மடியில. வாங்க, பாருங்க. நான் எழுந்திருக்க மாட்டேன், சாஞ்சிக்கறேன், நீங்க குனிஞ்சு பாருங்க."

தொமினிக் அவள் தோள்மேல் கை வைத்துக் குனிந்தார். வைரத்தூளுக்கு நடுவே ஓரத்தில் ஒரு பெருமீன்; அதன் மடியில், தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றி, ஒரு சிறுமீன். மணநாள் முதல் அவர் மறுத்துவந்தது.

"இருக்குது ஏலிஸ்" என்றார். "இருக்குது. ஏழு."

"எத்தினி வருசமா சொல்றேன்."

"ஆமா. தோத்துட்டேன்."

அவள் அவரைத் தள்ளிவிட்டு மறுபடி கண்ணை வைத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "நாளைக்கு நெலா இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும், மெல்லிசா. ஏன்? கடைசின்னு சொன்னியே?"

"படிக்கட்டுச் சொவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி வெச்சிக் குடுங்க. அந்தக் கடைக்காரர்கிட்டயே இருக்கும். அப்பறம் பாக்கலாம்."

மறுநாள் காலை ஹரிகிருஷ்ணனின் கடையில், கைப்பிடிக் கம்பிகளின் முன்னே, ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்தபடி தொமினிக் நெடுநேரம் நின்றார்.

அந்த இல்லம் நன்றாயிருக்கட்டும். அதன் படிகள் அவள் பாதத்துக்கு இதமாகட்டும்; அதன் கட்டுகள் பனியில் இளகாமலும் வெயிலில் அறாமலும் நிற்கட்டும். கடல் கடந்து வாழும் மகளும் அவள் வழிவருவோரும் வந்து கூடும் நாளெல்லாம் அந்த மாடி நிறையட்டும். மார்கழியும் தையும் வரும்போதெல்லாம் அறுமீனும் அதன் மடியிலிருக்கும் ஏழாவதும் அந்தக் கூரைக்கு நேரே வந்து நிற்க, இருவரும் அருகருகே இருந்து காணும் பேறு குன்றாதிருக்க, எல்லா ஒளிக்கும் முதலான இறைவன் அருள்வானாக.